என் பெயரில் ஒரு பழைய வீடு

பிரான்ஸில் இருக்கும் என் தங்கையின் மகள் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, பாரிஸை விட்டுத் தூரத்தில ஒரு கிராமத்தில பழைய கல்வீடு ஒன்று வாங்கப் போறம். நூறு வருசத்துக்கு மேல இருக்கும். கூரை ஒழுகுது, சுவரும் வெடிச்சிருக்கு. ஆனா எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒழுகுற வீட்டுக்குக் காசு குடுக்கிறியா? நான் பிறந்ததே அப்பிடி ஒரு வீட்டிலதானே!” என்றேன்.

நான் பிறந்தது டிக்கோயாவில் ஒரு தோட்டத்து லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. அதே காலத்தில், அதே மலையில் கட்டிய துரைமார் பங்களாக்களும் இருக்கின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் அப்படிச் சில பங்களாக்கள் 2005ஆம் ஆண்டு முதல் உல்லாச விடுதிகளாகிவிட்டன. அவற்றின் பழமைக்காகவே வெளிநாட்டவர்கள் வந்து தங்குகிறார்கள். அப்படியொரு பங்களாவுக்குக் குளிர்காயும் அடுப்பு எரிக்க விறகு சுமந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

ஒரே வயது, ஒரே மழை. ஆனால் பங்களாவின் பழமைக்கு விலை உண்டு. லயத்தின் பழமையைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று யோசித்தேன். தலைமுறை தலைமுறையாக இருந்தும் லயம் எங்களுடையது அல்ல. நாளைக்கு நமக்கென்று இல்லாத வீட்டை யார் ஆசையாகச் செப்பனிடுவார்கள்?

1977ஆம் ஆண்டு வன்செயலின்போது எனக்கு ஒன்பது வயது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அப்பா எங்களை வன்னிக்குக் கூட்டிப் போனார். கிளிநொச்சியில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டேன். கணவருக்கு அரச காணி இருந்தது. நாங்கள் இருவரும் மண் குழைத்து வீடு கட்டினோம். வாசலில் ஒரு மாமரம் வைத்தோம். 2009இல் கணவரும் போனார், வீடும் போனது.

முகாமிலிருந்து திரும்பியபோது, அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராகக் கணவரின் தம்பியின் பெயர் இருப்பது தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னமே எழுதியதாம். “இது எங்கட காணி, அண்ணி” என்றார். நான் ஒன்றும் பேசாமல் டிக்கோயாவுக்குத் திரும்பி, தம்பியின் லயத்தில் ஒதுங்கினேன்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் வேறொருவராக இருந்தாலும், இறந்தவரின் மனைவி தன் வாழ்நாள் முழுவதும் அந்தக் காணியை அனுபவிக்க இடமிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்க முடியாது, ஆனால் இருக்கலாம். பிள்ளைகளில் ஆண்மக்களுக்கே முதலிடம் கொடுத்திருந்த பகுதியும் 2022இல் திருத்தப்பட்டது. அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

பதினைந்து வருடம் தையல் தைத்துக் கொஞ்சம் காசு சேர்த்தேன். டிக்கோயாவில் தோட்டத்துக்கு வெளியே ஒரு சின்னப் பழைய வீடு விலைக்கு வந்தது. ஓட்டுக் கூரை, பலகை ஜன்னல், செங்கல் புகைபோக்கி, பின்னால் ஒரு கொய்யா மரம். எட்டுப் பேர்ச்சஸ். பார்த்த உடனே மனது அங்கேயே தங்கிவிட்டது. விற்பவர், “வேறு ஆட்களும் கேட்கிறார்கள். முற்பணத்தைத் தாங்க, ஒரு தாளில் எழுதிக்கொள்வோம்” என்றார். காசை எடுத்து முந்தானையில் முடிந்தும் வைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் மகளின் அழைப்பு வந்தது. அங்கே வீடு வாங்குவது எப்படி என்று கேட்டேன். முதலில் ஒரு உடன்படிக்கை எழுதுவார்களாம். அது கையில் கிடைத்தபின் வாங்குபவருக்குப் பத்து நாள் தவணை உண்டு. காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். 1949க்கு முன் கட்டிய வீடென்றால், சுவர்ப் பூச்சில் ஈயம் இருக்கிறதா என்ற அறிக்கையை விற்பவர் கொடுக்க வேண்டும். கடைசியில் ‘நொத்தேர்’ முன்னால்தான் உறுதி முடிப்பார்களாம்.

“இங்கேயும் நொத்தாரிசுதானே!” என்றேன்.

“அப்ப நீங்க ஏன் பெரியம்மா அவரிட்டப் போகாமக் காசைக் குடுக்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைத் தடுத்து நிறுத்தியது. நம் நாட்டிலும் காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்தானால்தான் செல்லும். மறுநாள் ஹட்டனுக்குப் போய் ஒரு நொத்தாரிசைப் பார்த்தேன். அவர் காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைத் தேடினார். விற்பவர் தனி உரிமையாளர் அல்ல, நான்கு சகோதரர்களில் ஒருவர்! அன்று முற்பணத்தைக் கொடுத்திருந்தால் கால்பங்குக்கு முழு விலை பேசியவளாகியிருப்பேன்.

ஏழு மாதம் பொறுத்தேன். நால்வரும் வந்து கையெழுத்து வைத்தார்கள். நில அளவைப் படம், நொத்தாரிசுக் கட்டணம், முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்ந்து நினைத்ததைவிடச் செலவுதான். மீதியை மகள் அனுப்பினாள். “யாருடைய பெயரில் எழுதுவது?” என்று நொத்தாரிசு கேட்டபோது, தம்பி வாய் திறக்குமுன் “என்னுடைய பெயரில்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சகோதரிகளே, வீட்டுத் திட்டமோ, அரச காணியோ, விலைக்கு வாங்குவதோ, எதுவானாலும் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பின்னுரித்தாளர் யாரென்று கணவர் இருக்கும்போதே கேளுங்கள். கேட்பது சந்தேகமல்ல, முன்யோசனை. உறுதியின் பிரதியொன்றை நம்பிக்கையான இன்னொரு இடத்திலும் வையுங்கள். ஓடிப்போன நமக்கு அதன் அருமை தெரியும்.

போன மாதம் பெருமழை. குசினி மூலையில் கூரை ஒழுகியது. ஒரு சட்டியை வைத்துவிட்டு மகளுக்குப் படம் அனுப்பினேன். அவளும் தன் வீட்டு ஒழுக்கைப் படமெடுத்து அனுப்பினாள். விடிந்ததும் ஓடு மாற்ற ஆளைக் கூப்பிட்டேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.