பாட்டும் தலைமையும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பல்கலைக்கழகங்கள் மூடப்பெற்றபின், பேராதனையில் மண்டபம் நிறைந்த மாணவரைக் கண்டு பழகிய என் போன்றோர் கண்டி நகரத்து வீடுகளுள் ஒடுங்கியிருந்து கணினித் திரையை நோக்கிப் பேசலானோம். அவ்வாண்டின் பிற்பகுதியில், மாணவர் சங்கங்களிலும் ஊர் மன்றங்களிலும் பொறுப்பேற்க விழைந்த இளைஞர் சிலருக்குத் தலைமைத்துவம் பற்றி இணையவழியே கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது. கோட்பாடுகளைக் கேட்பதில் மாணவருக்கு எத்துணைச் சலிப்போ, அவற்றை ஒப்புவிப்பதில் எனக்கும் அத்துணைச் சலிப்பு உண்டு. பாட்டைக் கொண்டு கற்பிக்கத் துணிந்தேன்.

அத்துணிவைத் தந்தது மலையகமே. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென 1931 இற் சம்மேளனம் அமைத்த காலத்தில், வெளியார் தோட்டத்துள் நுழைவதே குற்றமாயிருந்தது. துணி வணிகராக வேடமிட்டு அவர் உள்ளே சென்றார் என்பர். அவர் துணைவியார் மீனாட்சியம்மையோ கூட்டங்களிற் பாடியே மக்களைத் திரட்டினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவரது சிறு பாடல் நூல் 1940 இல் வெளிவந்தது. எழுத்தறியாதாரே மிக்கிருந்த அவைகளிற் செய்தித்தாள் செய்ய இயலாததைப் பாட்டுச் செய்தது. கூட்டம் கலைந்தபின் லயத்துக்குத் திரும்பும் பெண்ணின் வாயிற் பாட்டு உடன் செல்லும், சொற்பொழிவு செல்லாது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932 இல் தோன்றிய ஹைலாண்டர் பள்ளியிலும் (அப்பெயருக்கும் மலைநாட்டார் என்பதே பொருள்!) தொழிற்சங்கத் தலைவர்களுக்கான பயிற்சியிற் பாட்டு ஒரு பாடமாகவே இருந்தது. 1946 இற் புகையிலைத் தொழிலாளர் அங்கு கொணர்ந்த பாடலொன்று, பின்னாளிற் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற்கே கீதமாயிற்று.

இவற்றையெல்லாம் முதல் வகுப்பில் உற்சாகமாய்ச் சொன்னேன். மாணவரொருவர் குறுக்கிட்டார்: “சேர், விடியற்காலையில பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்பு அடிச்சுத்தானே?” நான் திகைத்தேன். உண்மைதான். தொழிலாளியை எழுப்பி வேலைக்களத்துக்கு விரட்டியதும் இசைக்கருவியே. அடங்கி நடக்கவும் இசை பழக்கும் என்பதை என் குறிப்பேட்டில் நான் எழுதியிருக்கவில்லை.

அடுத்த வகுப்பிற் கும்மி மெட்டொன்றை அனைவரும் சேர்ந்து பாடுமாறு பணித்தேன். கேட்டது சந்தை இரைச்சல். ஒருமித்துப் பாடுவோர் தாங்கக்கூடிய ஒலித் தாமதம் ஏறத்தாழ ஒரு விநாடியின் முப்பதிலொரு பங்கே. இணையமோ அதனைப் பன்மடங்காக்கிவிடும். ஆகவே ஒருவர் ஓரடி பாடி நிறுத்த, மற்றையோர் ஒருவர்பின் ஒருவராய் ஏற்றுப் பாடும் முறைக்கு மாறினோம்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி மட்டும் இரு வாரங்களாக ஏற்றுப் பாடவில்லை. பெயர் சொல்லி அழைத்தும் மறுமொழி இல்லை. “பதில் குரல் கொடாதவர் தலைமை ஏற்பது எங்ஙனம்?” என எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். அன்று மாலை தொலைபேசி ஒலித்தது.

“எங்க லயத்துல சிக்னல் இல்லீங்க சேர். மலை உச்சிக்கு ஏறித்தான் வகுப்புக்கு வர்றேன். நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் பாடினதுதான் உங்களுக்கு வந்து சேரல.”

மழையில் நின்று அவள் பாடியிருக்கிறாள். தலைமையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன்; அது அவளுக்குக் கூச்சத்தையே தந்தது.

அதன்பின் பாடல்களைக் கைப்பேசியிற் பதிவு செய்து, வசதிப்பட்ட வேளையில் அனுப்பலாம் என்று விதித்தேன். பதிவுகள் வந்து சேர இரண்டு மூன்று நாள்கள் சென்றன. பாடத்திட்டம் பின்தங்கியது, பின்தங்கட்டும் என்று விட்டேன். இறுதி வகுப்புக்கு அம்மாணவி கலஹா நகரில் உறவினர் இல்லமொன்றுக்கு இறங்கி வந்திருந்தாள். தன் பாட்டியிடம் கற்ற கொழுந்துப் பாட்டொன்றை எடுத்து, முதலடி பாடி நிறுத்தினாள். சற்று அமைதி. புசல்லாவையிலிருந்து ஒரு குரல் வந்தது. பின் கம்பளையிலிருந்து ஒன்று. பின் என் குரல். எண்ணிப் பார்த்தவள், “இன்னும் ஒருத்தர் வரணும் சேர்” என்றாள். காத்திருந்தோம்.