வேகம் வேறு, அவசரம் வேறு



இந்த வாரம் நான் உங்களுக்கு எழுதுவது கைப்பேசியில் ஆடும் ஒரு சீட்டு விளையாட்டைப் பற்றி. போதகர் எழுதவேண்டிய பொருளா இது என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். இதை எழுதாவிட்டால் ஒரு கடனைத் தீர்க்காதவனாக இருப்பேன். ஆகையால் பொறுமையோடு வாசியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவில்பட்டியை அடுத்த ஒரு சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். ஆராதனையின்போது ஒலிபெருக்கியைக் கவனித்துவந்த வாலிபன் ஒருவன் அங்கே இருந்தான். தகப்பனார் கரிசலில் மானாவாரி விவசாயம் செய்பவர்; தாயார் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு ஞாயிறு காலையில், மணி அடிப்பதற்கு முன், அவனுடைய கைப்பேசியில் சீட்டுகள் விரிந்திருப்பதைக் கண்டேன். இணைய ரம்மியில் பணத்தை இழந்து குடும்பங்கள் சீரழிந்த செய்திகள் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வேதனையின் விளைவாகவே நம் மாநிலச் சட்டமன்றம் 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அந்தக் கவலை என் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்தது. அன்றைய பிரசங்கத்தில், எழுதி வைத்திருந்த குறிப்பை விட்டு விலகி, ஆலயத்துக்குள்ளேயே சூதாடும் வாலிபர்களைக் குறித்துக் கடுமையாகப் பேசினேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் என் பார்வை சென்ற திசையில் சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஞாயிறு ஒலிபெருக்கியின் அருகே வேறொருவர் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் வாரம் அவனுடைய தாயார் குருமனைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஐயா, அவன் துட்டு வச்சு ஆடலை. நீங்க அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அக்டோபர் தொடக்கம், வடகிழக்குப் பருவமழை இன்னும் இறங்கவில்லை. கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டு, ஊரார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திண்ணையில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றானேயன்றி முகம் பார்க்கவில்லை. மன்னிப்பைக் கேட்பதற்குமுன், எதற்காகக் கேட்கிறேன் என்பதை அறிந்துகொள்ள விரும்பினேன். "தம்பி, நீ ஆடுவது என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடு" என்றேன்.

அந்த விளையாட்டின் பெயர் ஹார்த்ஸ்டோன். பிளிசார்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014இல் வெளியிட்டது. இருவர் எதிரெதிரே ஆடுவது. பணயம் வைத்து ஆடுவதன்று. ஒவ்வொருவரும் தாமே தெரிந்தெடுத்த 30 சீட்டுகளைக் கொண்டு ஒரு கட்டு அமைத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு தலைவனுக்கும் 30 உயிர்ப்புள்ளிகள் உண்டு. எதிராளியின் புள்ளிகளை முதலில் பூச்சியமாக்குபவர் வெல்வார். சீட்டுகளில் பெரும்பாலானவை களத்தில் இறங்கிப் போரிடும் வீரர்கள். இறங்கிய முறையில் காத்திருந்து, அடுத்த முறை முதல் அவர்கள் தாக்குவார்கள். ஒரு வீரனை இறக்குவதற்குச் செலுத்தும் விலைக்கு மானா என்று பெயர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும், "மானாவாரியா?" என்று கேட்டுவிட்டேன். அன்று முதல்முறையாக அவன் சிரித்தான். பிறகு விளக்கினான். முதல் முறையில் 1 மானா கிடைக்கும். இரண்டாம் முறையில் 2. இப்படியே 10 வரை வளரும். ஒரு முறையில் செலவழிக்காத மானாவை அடுத்த முறைக்குச் சேர்த்துவைக்க இயலாது. எனக்கு வனாந்தரத்து மன்னாவே நினைவுக்கு வந்தது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், மறுநாளுக்கென்று மீதம் வைத்தது பூச்சி பிடித்து நாறிப்போனதை வாசித்திருக்கிறீர்கள். அன்றன்றைக்குரியதை அன்றன்றே பயன்படுத்தவேண்டும். இதுவே விரைந்து தாக்கும் கட்டின் முதல் விதி என்றான் அவன்.

அவன் அமைத்திருந்தது அப்படிப்பட்ட கட்டு. ஏன் அதைத் தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். "வெல கம்மிய்யா" என்றான். புதிய சீட்டுகள் அடங்கிய பொட்டலங்களை அந்த நிறுவனம் பணத்துக்கும் விற்கிறது. பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது என்பதைப் பெற்றோராகிய நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஆனால் அவன் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை. ஆடிச் சேர்த்த சீட்டுகளில் வேண்டாதவற்றைப் பொடியாக்கி, அந்தத் துகளைக்கொண்டு வேண்டியதைச் செய்துகொண்டான். சாதாரணச் சீட்டு ஒன்றைப் பொடித்தால் 5 துகள் கிடைக்கும். ஒன்றைச் செய்ய 40 துகள் வேண்டும். எட்டை இழந்தால் ஒன்று கிடைக்கும். மிக மிக அரியவகைச் சீட்டுக்கோ 1600 துகள் வேண்டும். விரைவுக் கட்டுக்கு அத்தகைய சீட்டுகள் மிகச் சிலவே போதும். ஆகவே அது ஏழையின் கட்டு.

அவனுடைய கணக்கைக் கேளுங்கள். 1 மானாவுக்கு வரும் சிறிய வீரன் ஒருவன். தாக்கும் வலிமை 2. முதல் முறையிலேயே இறங்கினால் இரண்டாம் முறை முதல் தாக்குவான். எவரும் அவனைத் தடுக்காவிட்டால் ஆறாம் முறைக்குள் ஐந்து அடிகள், 10 புள்ளிகள். எதிராளியின் உயிரில் மூன்றில் ஒரு பங்கு. 6 மானாவுக்கு வரும் பெரிய வீரனோ ஆறாம் முறையில்தான் களத்துக்கு வருவான். அதுவரை கையில் சும்மா இருப்பான். ஆகவே இந்தக் கட்டை அமைப்பவன் முதலில் கற்றுக்கொள்ளவேண்டியது விலக்குதலையே. அழகான சீட்டு, வலிமையான சீட்டு, பிற்பாடு உதவக்கூடிய சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, முதல் மூன்று முறைகளுக்குள் பயன்படுவதையே பெரும்பாலும் சேர்க்கவேண்டும். வேடன் என்னும் தலைவனை அவன் தெரிந்துகொண்டதும் அதற்காகவே. சீட்டு இல்லாதபோதும் 2 மானா கொடுத்து எதிராளியின் தலைவனை 2 புள்ளி அடிக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு.

நான் சோம்பல் என்று நினைத்திருந்த இடத்தில் இத்தனை கணக்கும் இத்தனை துறத்தலும் இருந்தன. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், காட்சிப் போட்டியாக வைக்கப்பட்ட இதே ஹார்த்ஸ்டோனில் நம் நாட்டவரான தீர்த் மேத்தா வெண்கலம் வென்றதையும் அவன் சொன்னான். அவர் குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள புஜ் நகரத்தவர். "அதுவும் நம்ம ஊர் மாதிரி மழையில்லாத ஊர்தான்யா" என்றான்.

பிறகு நான் கேட்டேன்: "அப்படியானால் எப்போதும் முன்னோக்கி அடித்துக்கொண்டே இருந்தால் போதுமா?"

அவன் தலையசைத்து மறுத்தான். இந்தக் கட்டின் பலவீனத்தையும் அவன் எனக்குக் கணக்காகவே காட்டினான். முதலில் ஆடுபவனுக்குத் தொடக்கத்தில் 3 சீட்டுகள்; பிறகு முறைக்கு ஒன்று. ஐந்தாம் முறைவரை அவன் காண்பது 8 சீட்டுகளே. அதுவரை அவனுக்குக் கிடைக்கும் மானா மொத்தம் 15. சீட்டுகள் எல்லாம் ஏறக்குறைய 2 மானா விலையுள்ளவையாக இருப்பதால் அதற்குள் கை காலியாகிவிடும். எதிராளி மந்திரவாதியாக இருந்தால், ஏழாம் முறையில் ஒரே தீச்சீட்டால் களத்திலுள்ள சிறிய வீரர் அனைவரையும் சாம்பலாக்கக்கூடும். பிறகு கையிலும் ஒன்றுமில்லை, களத்திலும் ஒன்றுமில்லை. ஆகவே வெல்வதற்குப் போதுமானதை இறக்கிவிட்டு, ஒன்றிரண்டைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். புதுச் சீட்டுகளை இழுத்துத் தரும் சீட்டும் கட்டில் ஓரிரண்டு இருக்கவேண்டும். எதிராளியின் தலைவனையே நேராக அடிப்பதா, அல்லது ஒருகணம் திரும்பி, களத்தில் நமக்கு எதிரே நிற்கும் வீரனைக் கவனிப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் நிதானிக்கவேண்டும்.

லீராய் ஜென்கின்ஸ் என்றொரு சீட்டையும் காட்டினான். 2005இல் வேறொரு விளையாட்டில், தோழர்கள் திட்டம் பேசிக்கொண்டிருக்கையில் தன் பெயரையே கூவிக்கொண்டு தனியே பாய்ந்து, எல்லாரையும் தோற்கடித்த ஒரு பாத்திரத்தின் பெயர் அது. அந்தக் காணொளி உலகமெங்கும் பரவி நகைப்புக்கிடமாயிற்று. சீட்டிலும் அவன் அப்படியே. இறங்கிய கணமே 6 புள்ளி அடிப்பான். ஆனால் எதிராளிக்கு இரண்டு குட்டி வீரர்களை இலவசமாகக் கொடுத்துவிடுவான். ஆட்டத்தை முடிக்கும் கடைசி அடிக்கு மட்டுமே அவனை வைத்திருக்கவேண்டும். முன்னதாக இறக்கினால், நாம் கொடுத்ததே நம்மை அடிக்கும்.

"வேகம் வேறய்யா, அவசரம் வேற. அவசரப்பட்டா தோத்துருவோம்" என்றான் அந்த வாலிபன். என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. ஆயினும் என்னால் பதில் பேச இயலவில்லை.

பிரியமானவர்களே, 2 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தில் வரும் ஆசகேலை நினைத்துப் பாருங்கள். யோவாபின் தம்பி, வெளிமானைப்போல் ஓடக்கூடியவன். கிபியோனில் நடந்த யுத்தத்தில் அப்னேரைப் பின்தொடர்ந்தான்; வலப்பக்கமும் திரும்பவில்லை, இடப்பக்கமும் திரும்பவில்லை. அப்னேர் இரண்டுமுறை எச்சரித்தான். விலகிப் போகச் சொன்னான். ஆசகேல் கேட்கவில்லை. முடிவில் அப்னேருடைய ஈட்டியின் பின்முனையிலே மாண்டான். அவனுடைய வேகம் குற்றமன்று. தாவீதும் கோலியாத்தை நோக்கி ஓடித்தான் போனான். ஆனால் தாவீது ஓடுமுன் சவுலின் சர்வாயுதங்களைக் களைந்து வைத்தான், ஆற்றிலிருந்து ஐந்து கல்லைத் தெரிந்தெடுத்தான். ஆசகேலிடம் கால்கள் மட்டுமே இருந்தன; திரும்பிப் பார்க்கும் கண் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நின்றவன் ஆசகேலே. களத்தில் யார் நிற்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவேண்டிய இடத்தில், கையிலிருந்த அத்தனை சொல்லையும் ஒரே முறையில் இறக்கினேன். அடி விழுந்தது, என் கை காலியாயிற்று, ஓர் ஆத்துமா வெளியே போயிற்று. விளையாட்டில் ஏழு முறைகளுக்குள் வென்றுவிட்டால் அடுத்த ஆட்டம் புதிதாகத் தொடங்கும், 30 புள்ளிகளும் திரும்ப வரும். சபையிலும் குடும்பத்திலும் அப்படி வருவதில்லை. நம் பிள்ளைகளோடு நமக்கிருப்பது ஒரே நீண்ட ஆட்டம்.

அன்று திண்ணையிலேயே அவனிடமும் அவன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். தகப்பனார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, வெளியே இருட்டிக்கொண்டிருந்த காட்டைக் காட்டினார். பருத்தியின் இடையே உளுந்தை ஊடுபயிராகப் போட்டிருப்பதாகச் சொன்னார். உளுந்து ஏறத்தாழ எழுபது நாளில் வீட்டுக்கு வந்துவிடும். பருத்தி நின்று நிதானமாகக் காய்க்கும். "ஒரே வேகத்துல எல்லாம் வெளையாதுங்கய்யா" என்றார். குறுகிய மழையை நம்பி வாழும் கரிசல் விவசாயி, சீக்கிரம் விளைவதையும் தாமதித்து விளைவதையும் ஒரே நிலத்தில் வைக்கக் கற்றிருக்கிறார்.

எந்த மன்றத்தில் காயப்படுத்தினேனோ அந்த மன்றத்திலேயே, அடுத்த ஞாயிறு, என் தவறை அறிக்கையிட்டேன். அவன் அன்று வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஒலிபெருக்கியின் அருகே அவன் திரும்ப வந்து நிற்பதற்குக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. அவனை நான் அவசரப்படுத்தவில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாரையேனும் கண்டிக்க எழும்பும்போது, ஒரு காரியம் செய்யுங்கள். பேசுமுன், "நீ செய்வது என்ன, எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். கண்டிக்கவேண்டிய காரியம் உண்மையாகவே இருந்தால், அந்தச் சொல் அதற்குப் பின்னும் உங்கள் கையில் இருக்கும்.

ஆண்டவரே, எங்கள் கால்களுக்கு வேகத்தையும் எங்கள் நாவுக்கு நிதானத்தையும் தாரும். ஆமென்.

உங்கள் போதகர்