மினுக்கமும் துருவும்

யாழ்ப்பாணத்திலே பழைய கார்களுக்குச் சாவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இங்கிலாந்தின் லோங்பிறிஜ் தொழிற்சாலையிலே 1952ஆம் ஆண்டுக்கும் 1954ஆம் ஆண்டுக்கும் இடையிற் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற் கார்களை, அவை பிறந்த நாட்டிலே ஆர்வலர்கள் அரும்பொருளாகப் பேணுகிறார்கள். நமது ஊரிலோ அவை வாடகைக்கு ஓடின. மணப்பெண்ணையும் நோயாளியையும் ஒரே ஆசனத்திலே சுமந்தன. 1990ஆம் ஆண்டில் ஏற்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாப் பொருளானபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயிலே ஓடி வயிறு கழுவ வழி செய்தவையும் இத்தகைய பழைய கார்களே. அவற்றுள் ஒன்றன் பம்பரைத் துலக்கப் புகுந்து நாம் பெற்ற அனுபவத்தையே இங்கு எழுதுகிறோம்.

கார் எமது அயலவரான முதிய சாரதி ஒருவருடையது. ஊரார் அவரது பெயரை மறந்து ‘சோமசெற் அண்ணை’ என்றே அழைப்பார்கள். இப்போது அக்கார் கலியாண வீடுகளுக்கு மட்டுமே போகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தம் மகனின் மணவிழாவுக்கு அதனைப் பேசி முற்பணமும் கொடுத்தது. புறப்படும்போது ஒரு நிபந்தனை விதித்தது: பம்பர் கண்ணாடிபோல மினுங்கவேண்டும், படம் எடுப்பவர்கள் வருகிறார்கள்.

பம்பரிலோ கபில நிறப் புள்ளிகள் அம்மைத் தழும்புபோலப் பரவியிருந்தன. அண்ணை எம்மிடம் வந்தார்.

“மாஸ்ரர், கொழும்பிலை குடுத்து முலாம் பூசினால் புதுசு மாதிரி வருமாம். நீங்களும் ஒருக்கா வாருங்கோ.”

இரு பம்பர்களையும் கழற்றிச் சாக்கிலே சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினோம். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளைக் கடந்து, ஒரு சந்தின் கோடியிலே அந்தப் பட்டறை இருந்தது. பழைய முலாமை அகற்றி, உருக்கைத் தேய்த்து மினுக்கி, முதலிற் செம்பும் அதன்மேல் நிக்கலும் பூசுகிறார்கள். கடைசியாகவே குரோமியம். நாம் பார்த்து மயங்கும் அந்தக் குரோமியப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்புடையது. துருவிலிருந்து உருக்கைக் காப்பதிற் பெரும் பங்கு அதன் கீழே மறைந்து கிடக்கும் நிக்கலுக்கே உரியது. புகழ் மேலே நிற்பவனுக்கு, பாரம் கீழே கிடப்பவனுக்கு என்பது உலோகங்களிடையேயும் உண்டுபோலும்.

செம்மஞ்சள் நிறக் குரோமிக்கமிலத் தொட்டியின் அருகே மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் நின்றான். கையுறை இல்லை. முகமூடி இல்லை. விரல்களின் மூட்டுகளிலே, கம்பி கொண்டு துளைத்தாற்போன்ற வட்டப் புண்கள். நாம் உற்று நோக்குவதைக் கண்டு கையைப் பின்னே மறைத்தான்.

“வலிக்காதுங்க ஐயா. ஆனா ஆறவும் மாட்டேங்குது” என்றான்.

அந்தத் தொட்டியிலே செலுத்தப்படும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் முலாமாவதில்லை. எஞ்சியதில் மிகுதியும் நீரைப் பிரித்து வாயுக் குமிழிகளை எழுப்புகிறது. குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது அமிலம் நுண்துளிகளாகக் காற்றிலே கலக்கிறது. அந்தக் காற்றையே தொழிலாளி சுவாசிக்கிறான். தோலிலே பட்டால் ஆறாப் புண். மூக்கிலே படிந்தால் நாளடைவில் நாசியின் நடுச்சுவரே துளைபடும். ஆறு வலுவளவுடைய இந்தக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1990ஆம் ஆண்டிலே அறிவித்தது.

எனினும் உழைப்பாளர் இதனை அறிய ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோவை அடுத்த ஒவர்ட்டவுன் பிரபுவின் குரோமிய இரசாயன ஆலையிலே தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெந்தார்கள். பிரபுவோ தேவாலயங்களுக்கு வாரி வழங்கும் வள்ளல். ஞாயிறு ஓய்வுநாளைக் காக்கவேண்டும் என வாதாடிய பக்திமான். அவரது ஆலை ஞாயிற்றுக்கிழமையும் இயங்கியது. அந்த இரட்டை வேடத்தை 1899ஆம் ஆண்டிலே தமது பிரசுரங்களின் மூலம் அம்பலப்படுத்தியவர் தொழிலாளர் தலைவர் கெயர் ஹார்டி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அதே துளைகளை நாம் ஓர் இளைஞனின் விரல்களிலே கண்டோம்.

அண்ணை நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு சாக்கைத் தூக்கித் தோளிலே போட்டார்.

“வேண்டாம் மாஸ்ரர். வீட்டிலை துலக்கிப் பாப்பம்.”

பட்டறைக்காரர் சொன்ன கூலியும் அவரது முடிவுக்கு ஒரு காரணம். அதனை நாம் மறைக்க விரும்பவில்லை.

ஊர் திரும்பி மூன்று நாட்கள் உழைத்தோம். முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரால் மண்ணும் எண்ணெயும் போகக் கழுவினோம். அரத்தாளையும் கரடான கம்பித் தும்பையும் கிட்டவும் கொண்டுவரவில்லை; அவை துருவோடு முலாமையும் தின்றுவிடும். சாப்பாடு பொதி செய்யும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரிலே தோய்த்து, புள்ளிகளின் மேல் மெல்லத் தேய்த்தோம். அலுமினியம் குரோமியத்திலும் மென்மையானது. ஆதலால் மேற்பரப்பைக் கீறாமலே துருவைத் தூக்கிவிடும். கபிலச் சேறு கசிந்து வரவர அதனை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம். பிடிவாதமான இடங்களில் வினாகிரி சிறிது தடவி, உடனேயே நன்னீரால் கழுவித் துடைத்தோம். அமிலத்தைத் தங்கவிட்டால் அதுவும் பகையாகும்.

வெளிப்புறத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. பம்பரின் உட்புறம் யார் கண்ணிலும் படாதது. அங்கேதான் துரு தடித்திருந்தது. கடற்காற்றின் உப்பும் வீதிச் சேறும் அங்கே தங்கி உருக்கை அரித்திருந்தன. அதனைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, துருத் தடுப்பு வர்ணம் பூசினோம். பின்பு முன்புறத்துக்கு மெழுகு இட்டு மென் துணியால் மினுக்கினோம்.

மூன்றாம் நாள் மாலை பம்பரிலே முற்றத்துப் பனை தலைகீழாகத் தெரிந்தது. ஆயினும் தழும்புகள் முற்றாக மறையவில்லை. குரோமியம் தானாகத் துருப்பிடிப்பதில்லை. அதிலுள்ள நுண்துளைகளின் ஊடாகக் கீழிருக்கும் உருக்கே துருவாகி வெளிவருகிறது. மேலே தோன்றும் புள்ளியைத் துடைக்கலாம். முலாம் பெயர்ந்த குழியை எந்தத் துணியும் நிரப்பாது. குறைந்தபட்சம் அந்த உண்மை எம் கண் முன்னே நேர்மையாக இருந்தது.

கலியாணத்தன்று வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். முகம் சுளித்தார்கள். பேசிய வாடகையிலே ஒரு பகுதியைக் குறைத்தார்கள். குழிகளை மறைத்துக் குறுக்கே ஒரு பூமாலை கட்டினார்கள். படங்கள் நன்றாக வந்தன என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

குறைந்த காசை எண்ணியபடி அண்ணை எம்மிடம் கேட்டார்: “நாங்கள் குடுக்காததாலை அந்தப் பொடியன்ரை கை ஆறியிருக்குமோ மாஸ்ரர்?”

ஆறியிராது. நாம் கொடாத பம்பருக்குப் பதில் வேறொருவரின் பம்பர் அன்றே அத்தொட்டியில் இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் அவனது நாட்கூலி போயிருக்கும். தனி மனிதர் கையை விலக்கிக்கொள்வது மனச்சாட்சிக்கு ஓர் ஆறுதல், பரிகாரம் அன்று. பரிகாரம் அறியப்படாததும் அன்று. கையுறை, நச்சுத் துளிகளை உறிஞ்சி அகற்றும் விசிறி, தொழிலாளருக்குக் காலந்தோறும் வைத்தியப் பரிசோதனை, ஆறு வலுவளவுடைய குரோமியத்துக்குப் பதிலாக நஞ்சு மிகக் குறைந்த மூன்று வலுவளவுடைய குரோமியக் கரைசல் ஆகிய யாவும் இன்று உள்ளன. இவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தே முலாம் மலிவாகிறது. மிச்சத்தின் கணக்கு அந்த இளைஞனின் விரல்களிலே எழுதப்படுகிறது. அதனை மாற்றுவது அவனும் அவனைப் போன்றோரும் ஒன்றுகூடிக் கேட்பதிலும், கேட்கும்போது நாம் அவர்கள் பக்கம் நிற்பதிலும் தங்கியிருக்கிறது.

மறுநாட் காலை அண்ணை பழந்துணியோடு காரருகே குந்தியிருந்தார். வாடிய மாலையை அவிழ்த்தெறிந்து, பம்பரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.