நீலச் சட்டையும் ஊர்த் திடலும்

2019 ஏப்ரல் 13. புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை இறுதியாட்டம். எங்கள் சென்னையின் எஃப்சி, எஃப்சி கோவாவிடம் 2-1 எனத் தோற்றது. மறுநாள் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். கடலூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் நாங்கள், நீலக்கொடி கட்டிக்கொண்டே செல்போனில் ஆட்டம் பார்த்து வாடிப்போனோம்.

2020 மார்ச் 14, கோவாவின் ஃபடோர்டா. ஐஎஸ்எல் இறுதியில் ஏடிகே 3-1 என வென்றது. கொரோனாவால் ரசிகர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அன்று ஒருநாள் எல்லோரும் வெளியே நின்றார்கள். ஊர்த் திடலில் நாங்கள் எப்போதும் அப்படித்தான் நின்றோம்.

வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்த நீலச் சட்டையில் ஆடியவர். ஆட இடமிருந்தால் நம் தெருவிலிருந்தும் ஆள் வரும். கோப்பை அடுத்த ஆண்டும் வரும் தோழர்களே. திடலை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.