ஒன்ஸ் மோர் கேட்பது எதை?

பாட்டா, பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வகை ராப் இருக்கிறது. வார்த்தைகள் ராப் மாதிரி கடகடவென்று ஓடும். ஆனால் வரியின் கடைசி மட்டும் பாட்டு மாதிரி இழுபடும். பின்னால் சோகமாக ஒரு கிடார், அடியில் அதிர்கிற பேஸ். மெலோடிக் ராப் என்கிறார்கள். அதிலேயே பெரிய கம்பெனி எதுவும் கண்டுகொள்ளாமல், படுக்கையறையில் பதிவு செய்து, சவுண்ட்கிளவுடில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள்தான் அண்டர்கிரவுண்ட் ஆசாமிகள்.

இந்தக் குரல்களின் பளபளப்புக்குக் காரணம் ஆட்டோட்யூன். இதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன்பு பூமிக்குள் ஒலியலை அனுப்பி எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர்! 1997-ல் வந்த இந்த மென்பொருளின் வேலை, விலகிப்போன சுருதியை யாருக்கும் தெரியாமல் சரிசெய்வது. 1998-ல் ஷேர் பாடிய 'பிலீவ்' பாட்டில் அதையே வேண்டுமென்று தெரிகிற மாதிரி வைத்தார்கள். அம்மாவை இழந்த அடுத்த வருடம், 2008-ல், கான்யே வெஸ்ட் ஒரு முழு ஆல்பத்தையே அந்த இயந்திரக் குரலில் பாடினார். சோகத்துக்கு அது பொருந்தும் என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

சரி, ஹெட்ஃபோனில் கேட்பது ஒன்று. நேரில்?

நியூயார்க்கில் வேரிக் தெருவில் எஸ்.ஓ.பி.ஸ் என்று ஒரு கிளப். 1982-ல் தொடங்கியது. விரிவு 'சவுண்ட்ஸ் ஆஃப் பிரேசில்'. பெயர்தான் பிரேசில், ஆனால் வளர்ந்துவரும் ராப்பர்கள் மேடையேறும் இடமாகவும் அது பேர் வாங்கியது. சில நூறு பேர்தான் நிற்க முடியும். இந்த மாதிரி கிளப்களில் 21 வயது ஆகாதவர்களின் புறங்கையில் கறுப்பு மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுவது வழக்கம். பாரில் சரக்கு கேட்டால் கிடைக்காது. மெயின் ஆள் வருவதற்குள் ரெண்டு மூணு பேர் பாடிவிட்டுப் போவார்கள், கால் கடுத்துவிடும்.

ஒருவழியாக வருவார். வாத்தியக்காரர்கள் கிடையாது, பின்னால் ஒரு டிஜே, அவ்வளவுதான். மேடையில் ஆட்டோட்யூன் வைத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் ஸ்கேலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்ற மறந்தால் குரல் தப்பான ஸ்வரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கேட்கச் சகிக்காது. அதனாலேயே பலர் பதிவு செய்த குரலை ஓடவிட்டு அதன் மேல் பாடுகிறார்கள். 'இதுக்கு வீட்டிலேயே கேட்டிருக்கலாமே' என்று யாராவது முணுமுணுப்பதும் வழக்கம்தான்.

வீட்டில் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியாகக் கேட்ட வரியை, முன்பின் தெரியாத முந்நூறு பேர் சேர்ந்து கத்துகிறார்கள். 'எனக்கு மட்டும்தான்' என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்த வலி அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுச் சும்மா நிற்கிறார். பாட்டு நிற்பதில்லை. பெருக்கல் குறி போட்ட கைகள் மேலே ஆடுகின்றன.

சிக்கலும் அங்கேதான். நியூயார்க் அருகே லாங் பீச்சில் வளர்ந்த லில் பீப், மன அழுத்தத்தையும் போதை மாத்திரைகளையும் ஒளிக்காமல் பாடியவர். 2017 நவம்பர் 15 அன்று அரிசோனாவின் டூசான் நகரில், அன்றைய நிகழ்ச்சிக்கு முன்பு, டூர் பஸ்ஸிலேயே இறந்துபோனார். ஃபென்டனில், சானாக்ஸ். வயது 21. ரெண்டு வருடம் கழித்து, 2019 டிசம்பர் 8 அன்று, சிகாகோவின் ஜூஸ் வேர்ல்ட். அவரும் போதை மருந்தால்தான். 21 வயது முடிந்து ஆறே நாள்.

அந்தப் பெருக்கல் குறி இன்னும் தேவையில்லை என்கிற வயதை அப்போதுதான் தொட்டவர்கள்.

பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கூட்டம் கூச்சல் போடும்; கச்சேரி பாஷையில் ஒன்ஸ் மோர். ஆறுதல் தேடி வந்தவர்களின் ஆசை அது, தப்புச் சொல்ல முடியாது. ஆனால் மேடையில் நிற்பவருக்கு அதன் அர்த்தம் வேறு. அழுத பாட்டுக்குத்தான் கைத்தட்டல் அதிகம் என்றால், குணமாகி வந்து ஒரு சந்தோஷமான பாட்டு பாடினால் இதே கூட்டம் நின்று கேட்குமா? நல்ல ரசிகன் யாரென்று அன்றைக்குத்தான் தெரியும்.