எட்டாம் இடத்துச் சந்திரன்

எனக்குக் கும்ப ராசி. சந்திரன் கன்னிக்குள் நுழைந்தால் எனக்குச் சந்திராஷ்டமம். பன்னிரண்டு ராசியையும் சந்திரன் சுற்றிவர சுமார் 27 நாள். ஒரு ராசிக்கு இரண்டேகால் நாள். ஆக, மாசம் இரண்டேகால் நாள் பேனாவுக்கு லீவு!

லீவு விட்டது அப்பத்தா. காரைக்குடி வீட்டில் தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே குரல் வரும்: ''இன்னைக்கு உனக்குச் சந்திராஷ்டமம்டா. வாயையும் தொறக்காத, பேனாவையும் தொறக்காத.'' சந்திரன் மனசுக்குக் காரகன். அவன் எட்டில் மறைந்தால் மனசு நம் பேச்சைக் கேட்காது என்பது சாஸ்திரம்.

நான் பி.காம். படித்தவன். ஐந்தொகையில் நிற்காத எதையும் நம்பாதவன். கேட்பேனா?

பல வருஷம் முன்னால், எங்கள் பூர்வீக வீட்டு பர்மா தேக்குக் கதவைச் சித்தப்பா கழற்றி, முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றுவிட்டார். சேதி வந்த ராத்திரியே கட்டுரை எழுதி, விடிவதற்குள் அனுப்பிவிட்டேன். அவர் பெயரைப் போடவில்லை. ஊருக்குப் பெயர் வேறு போட வேண்டுமா? வாசகர்கள் பாராட்டித் தள்ளினார்கள். சித்தப்பா பேச்சை நிறுத்தினார். மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகைகூட வரவில்லை.

கதவு விற்ற காசு சித்தியின் ஆபரேஷனுக்குப் போனது பின்னால்தான் தெரிந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

காலண்டரைப் புரட்டினேன். கட்டுரை அனுப்பிய நாள்... சந்திராஷ்டமம்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டேன். தேதி, சந்திரன் நின்ற ராசி, எழுதிய பக்கம், அடித்த பக்கம். ஒரு வருஷம் விடாமல் பதிந்து, கடைசியில் கூட்டிப் பார்த்தேன். வளர்பிறையில் எழுத்து ஊறவும் இல்லை, தேய்பிறையில் வற்றவும் இல்லை. எட்டில் சந்திரன் நின்ற நாட்களிலும் நல்ல பக்கங்கள் வந்திருந்தன.

'அடித்த பக்கம்' கட்டம் மட்டும் வேறு கதை சொன்னது. சந்திராஷ்டமம் என்று பயந்த நாட்களில் இரண்டு மடங்கு அடித்திருந்தேன். அடிபட்டதில் பாதி, யாரையாவது குத்தும் வரிகள். சந்திரன் என்னை எழுதவிடாமல் செய்யவில்லை. திரும்பப் படிக்க வைத்தது!

அன்றிலிருந்து ஒரு பழக்கம். கோபத்தில் எழுதியதை இரண்டேகால் நாள் ஊறப் போடுகிறேன், சந்திரன் எந்த ராசியில் நின்றாலும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1939-ல் சா.கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகம், விழாவுக்கு நாள் குறிப்பதே நட்சத்திரம் பார்த்துத்தான். பங்குனி மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில்; நாலாம் நாள் அஸ்தம், நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில். ராமாயணம் அரங்கேறியது பங்குனி அஸ்தத்தில் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அஸ்தம் சந்திரனின் சொந்த நட்சத்திரம். அது இருப்பது கன்னி ராசியில். அதாவது, கும்ப ராசிக்காரனான எனக்கு வருஷா வருஷம் அன்று சந்திராஷ்டமம்! கம்பன் காலத்தில் நான் பிறந்திருந்தால், அரங்கேற்றத்துக்கு அப்பத்தா என்னை வாசல் தாண்ட விட்டிருக்காது.

ஒரு வருஷம் துணிந்து போனேன். அந்தச் சமாதி மண்ணைக் குழந்தைகள் நாக்கில் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வைத்தால் தமிழ் வருமாம். அங்கே பேத்தியைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா நின்றார்.

வாயைத் திறக்கலாமா? சந்திராஷ்டமமாச்சே! திறந்தேன்.

''சித்தப்பா, அந்தக் கதவு விஷயம்... உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கணும். தப்பு என் மேலதான்.''

ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. பேத்தியை இடுப்பில் மாற்றிக்கொண்டார். பிறகு, விரலில் ஒட்டியிருந்த மண்ணை என் பக்கம் நீட்டினார்.

''நீயும் கொஞ்சம் நாக்குல வச்சுக்கடா. இனிமே எழுதுறப்ப உதவும்.''