ஐடியைக் கழட்டு

பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு ‘ஐடி எங்க?’ என்ற கேள்வி இன்னும் காதில் இருக்கும். கேட்டில் வாட்ச்மேன் கேட்பார். லேபில் கேட்பார்கள், லைப்ரரியில் கேட்பார்கள், மெஸ்ஸிலும் கேட்பார்கள். எங்கள் கல்லூரியில் ஹாஸ்டல்காரர்களுக்கு நீலக் கயிறு, டே ஸ்காலருக்குச் சிவப்பு. சாயங்காலம் கேட்டைத் தாண்டக்கூடியவன் யார் என்று ஐம்பதடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது நான் லாகின் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். அதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைப்போம். ‘நீ யார்?’ என்பது ஒன்று, ஆத்தென்டிகேஷன். ‘உனக்கு எதற்கெல்லாம் அனுமதி?’ என்பது இன்னொன்று, ஆத்தரைசேஷன். கல்லூரி இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டது. அதனால் கயிற்றை உருவுகிறவர் எல்லாவற்றையும் சேர்த்தே உருவிவிடலாம்.

மூன்றாம் வருடம் என் ரூம்மேட் ஷேவ் பண்ணாமல் வகுப்புக்கு வந்தான். துறைத்தலைவர் சொன்னது இரண்டே வாக்கியம்: “ஐடியைக் கழட்டு. அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்க.”

அடுத்த மூன்று நாள் அவனால் புத்தகம் எடுக்க முடியவில்லை, இன்டர்னல் தேர்வு எழுத முடியவில்லை. லைப்ரரி அண்ணன் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். “உன்னைத் தெரியாதாப்பா? ஆனா கார்டு இல்லாம எப்படித் தர்றது?” என்றார். அவன் யார் என்பதில் அங்கே ஒருத்தருக்கும் சந்தேகமே இல்லை.

கார்டுக்குள் சிப் வைத்தாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. உலகம் முழுக்கக் கதவுகளுக்கும் பஸ், ரயில் டிக்கெட்டுக்கும் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் சிப்பின் பூட்டை, 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அந்தக் கார்டை நகலெடுக்கலாம் என்றானது. தயாரித்த நிறுவனம் கட்டுரையைத் தடுக்க வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. ஆள் யாராக இருந்தாலும் கார்டு சரியாக இருந்தால் கதவு திறக்கும் என்பது அங்கே நிலைமை. ஆள் சரியாக இருந்தும் கார்டு இல்லையென்றால் திறக்காது என்பது எங்கள் ஊர் நிலைமை. இரண்டு இடத்திலும் கதவு ஆளைப் பார்க்கவில்லை.

ரூம்மேட்டின் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ராத்திரி பஸ் ஏறி வந்தார். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அறைக்கு வெளியே நின்றார். உள்ளே ஐந்து நிமிஷம். “இனிமே ஒழுங்கா இருப்பாங்க சார்” என்று சொல்லிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கார்டைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். மகனின் கல்லூரி அட்டையை அவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார். “போட்டோல நல்லா இருக்கடா” என்றார்.

சாதாரண மென்பொருளில்கூட ஒருவரின் அனுமதியை நீக்கினால் யார் நீக்கியது, எப்போது, ஏன் என்று லாகில் பதிவாக வேண்டும். அந்த மூன்று நாளைப் பற்றிக் கல்லூரியில் இருந்த ஒரே பதிவு, அவன் அப்பா போட்ட கையெழுத்து.